காதுக்காரரும் மச்சானின் வலது காலும்

காதுக்காரர் என்று கேட்டால்தான் அந்தப் பக்கத்தில் வழி சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது; அது மின்சார ரசீதில் மட்டும் வரும். கார் ஒன்று பின்பக்கத்தில் முனகுகிறது என்று யாராவது கொண்டு வந்தால், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை மேல் வைப்பார். பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "இடது பக்க பேரிங். இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். சொல்லி வைத்தாற்போல் இரண்டு மாதம்தான் தாங்கும்.

அந்த இரும்பு உருண்டைக்குப் பெயர் டிஃபரென்ஷியல். என்ஜினிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி, இரண்டு பின் சக்கரங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். உள்ளே பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை முன்பின் ஆனாலும் வண்டி ஊளையிடும். அதைச் சேர்த்து வைக்கிற வேலையில் காதுக்காரருக்கு இருபத்தாறு வருஷம். டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் இடையில், இரண்டு ஷட்டர் போட்ட அவருடைய ஷெட்டில், தனியாளாக நின்று செய்வார். வேலை சுத்தம். பேச்சு சுத்தம். ஒரே ஒரு கோளாறு, யாராவது புகழ்ந்தால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிறகு தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவருக்கே தெரியாது.

அவருடைய மனைவிக்கு ஒரே அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுநர், இருபத்திரண்டு வருஷமாக. அவர் பிரேக் போட்டதே தெரியாமல் பேருந்து நின்றிருக்கும். நின்றுகொண்டு வருகிறவர் கையில் டீ டம்ளர் இருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. அதிகம் பேசாத ஆள். பெருமை அடித்துக்கொண்டால் ஒரே விஷயத்தில்தான். "எனக்கு மூளை கொஞ்சம் மந்தம் மாப்ள. ஆனா இந்த வலது கால் இருக்கே, அது படிச்ச கால்" என்று தொடையைத் தட்டிக் காட்டுவார்.

அந்தப் படித்த காலுக்குப் பேருந்து மட்டும் போதவில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு இரண்டு கதவுக் காரை இழுத்து வந்து, பதினொரு வருஷம் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்ஜினைப் பிரித்துப் பெரிதாக்கி, டர்போ போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன விமான ஓடுபாதையில் நானூறு மீட்டர் பந்தயம் ஓட்டுவார். பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஓடி முடித்ததும் எத்தனை நொடி என்று ஒருவர் கத்துவார். அந்த எண்ணைச் சுமந்துகொண்டு மச்சான் இரண்டு மாதம் சந்தோஷமாக இருப்பார்.

என்ஜின் வளர்ந்த அளவுக்குப் பின்பக்கம் வளரவில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு ஆக்சில், அதாவது டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு, போயிற்று. இரண்டாவது ஆக்சில் துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே காதுக்காரர், "மச்சான், இனிமே இதுல ஒட்டுப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. டிஃபரென்ஷியல், ஆக்சில் ரெண்டும் மொத்தமா மாத்திடலாம். பெருசா, கனமா. ரெண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கற மாதிரி" என்றார்.

"நீங்க சொன்னா சரி மாப்ள. உங்க கை பட்டா அதுக்கு மேல நான் எதுவும் பார்க்க மாட்டேன்."

மரப்பெட்டியில் சாமான் வந்து இறங்கியது. திங்கட்கிழமை தொடங்கி, வியாழன் சாயங்காலம் வரை காதுக்காரர் செய்த வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தாள் போன்ற தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவிச் சுற்றிப் பார்த்து, பல் மேல் பல் எங்கே உட்காருகிறது என்று பார்த்தார். பெயின்ட் தடம் நட்டநடுவில் விழுந்திருந்தது. அவரே தன் தோளைத் தட்டிக்கொள்ளாத குறை. வெள்ளிக்கிழமைக்கு மீதி இருந்தது ஒரே வேலைதான், ஸ்லீவ்.

ஸ்லீவ் என்பது விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் அது இருக்கும். பினியன் நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும். பேரிங்குகள் சரியான அழுத்தத்தில் உட்காரும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல முள் வைத்த ரெஞ்ச் ஒன்று உண்டு. இடத்தைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, அந்த ஸ்லீவைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று மாட்ட வேண்டும், வேறு வழியே கிடையாது. நட்டைத் திருப்பித் தளர்த்தி ஒப்பேற்ற முடியாது. ஒருமுறை நசுங்கிய ஸ்லீவ் மறுபடி நிமிர்ந்து நட்டைத் தாங்கிப் பிடிக்காது. பார்வைக்குச் சரியாகத் தெரியும், கையால் சுற்றிப் பார்த்தாலும் சரியாகத் தெரியும். ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்று வரும். தொழிலுக்கு வந்த முதல் வருஷமே எவனும் தெரிந்துகொள்கிற விஷயம் இது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓடுபாதைக்காரர்கள் மூன்று பேர் டீ வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் நெட்டை. கையில் ஃபோனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, நீங்க முள் ரெஞ்ச் எல்லாம் வைக்காம, கையாலயே ஸ்லீவ் செட் பண்ணுவீங்களாமே. நெஜமா?"

இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. காதுக்காரர் தன் வாழ்நாளில் ஒருநாளும் முள் ரெஞ்ச் இல்லாமல் ஸ்லீவ் போட்டதில்லை. 'யாரோ கதை விட்டிருக்காங்க தம்பி' என்று சொல்லியிருந்தால் போதும், இந்தக் கதைக்கே வேலை இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மேஜை மேல் இருந்த முள் ரெஞ்சை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"முள்ளு என்னத்த சொல்லும்? கை சொல்லும்."

நெட்டை சிரித்தார். மற்ற இருவரும் நெருங்கி வந்தார்கள். காதுக்காரர் நீளக் கம்பியை மாட்டி, உடம்பின் மொத்த எடையையும் போட்டு நட்டை இறுக்கினார். இறுக்கிக்கொண்டே பழைய லாரி ஒன்றின் கதையைச் சொன்னார். கதை நல்ல இடத்துக்கு வந்தபோது கை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. கால் சுற்றுகூட இருக்காது. நிறுத்திவிட்டுப் பினியனைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவே மறுத்தது. இடத்தைத் தாண்டிவிட்டது என்று புரிந்தது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கதையை முடித்தார். அவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் சாமான் கடைக்கு ஃபோன் போட்டார். புது ஸ்லீவ் செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. மச்சானைக் கூப்பிட்டு, 'இந்தத் தடவை வேணாம், அடுத்த தடவை ஓடுங்க' என்று சொல்லியிருக்கலாம். மச்சான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டார். ஆனால் ஏன் என்று கேட்பார். அதற்குள் நெட்டை எடுத்த வீடியோ ஓடுபாதைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போய், 'கையே மீட்டர்' என்று தலைப்பு வைத்து, ஆளாளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு நட்டைத் துளி தளர்த்தினார். பினியன் வழுவழுவென்று சுற்றியது. வேலை முடிந்தால் நட்டின் மேலும் பினியன் நுனியின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுப்பது அவருடைய பழக்கம்; இது என் வேலை, இனி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம். அந்தக் கோட்டையும் இழுத்தார். இழுக்கும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை வண்டியைக் கொடுக்கும்போது, "முதல் ஐநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க மச்சான்" என்றார். எல்லா மெக்கானிக்கும் சொல்வது. மறுநாள் பந்தயம் ஓடப்போகிற ஆளிடம் அதைச் சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டத்தில் மச்சான் தன் வாழ்நாளிலேயே சிறந்த நேரத்தை ஓடினார். நொடியைக் கத்தியவர் இரண்டு தடவை கத்தினார். வேலி ஓரம் நின்றிருந்த காதுக்காரரின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். இரண்டாவது ஓட்டத்தில், பாதித் தூரத்தில், ஒரு சத்தம் கேட்டது. கொசு காதோரம் போகிற அளவுக்குத்தான். அத்தனை என்ஜின் இரைச்சலில், அத்தனை பேரில், அது ஒருவர் காதில் மட்டும்தான் விழுந்தது. பினியன் நகர ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினால் போதும், மூன்றாவது ஓட்டம் நின்றுவிடும். பக்கத்தில் நெட்டை நின்று, "அண்ணே, கையா அது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதுக்காரர் கையைத் தூக்கவில்லை. இன்னும் ஒரு ஓட்டம்தானே, தாங்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

தாங்கவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் கிளம்பி அறுபது மீட்டர் போனதும் பின்பக்கம் படார் என்று இறுகிப் பூட்டிக்கொண்டது. வண்டி இரண்டு சுற்று சுற்றி, பக்கவாட்டில் போய் டயர் அடுக்கில் மோதியது.

காதுக்காரர் ஓடிப்போய்க் கதவை இழுத்தபோது மச்சானுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "மாப்ள, என்ன பண்ணிட்டேன் நான்?" என்றார்.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "கிளட்ச்சை அப்படி விட்டா எந்த டிஃபரென்ஷியல் தாங்கும்?" என்றார் ஒருவர். "புதுச் சாமான் மேல முதல் நாளே இவ்வளவு மிதிக்கலாமா?" என்றார் இன்னொருவர். பிறகு எல்லோரும், தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல, காதுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஐநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டணும்னு நான் சொல்லித்தானே கொடுத்தேன்" என்றார் காதுக்காரர்.

வாய் கூசாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்த மச்சான் முதல் வேலையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு நாள் உயிரைக் கொடுத்துச் செஞ்சீங்க. நான் ஒரே மிதியில கெடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள." காதுக்காரரின் மனைவி பக்கத்தில் நின்று அண்ணனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது காதுக்காரருக்கு. அது எங்கே பிளக்கிறது! "சரி விடுங்க மச்சான்" என்றார். மன்னித்தார். தப்பு செய்யாத மனிதரை, தப்பு செய்தவர் பெருந்தன்மையாக மன்னித்தார்.

நொறுங்கிய வண்டி ஷெட்டுக்கு வந்தது. ஷட்டரை உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டு பிரித்தார். நட்டின் மேல் இருந்த பாதிக் கோடு ஒரு பக்கம், பினியன் நுனியில் இருந்த மீதிக் கோடு இன்னொரு பக்கம். கிட்டத்தட்ட அரைச் சுற்று கழன்றிருந்தது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் தின்னரில் துணியை நனைத்து இரண்டு பாதியையும் துடைத்து எடுத்தார்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. கால்தான் சரியாகவில்லை. காலில் அடி ஒன்றும் இல்லை. ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அது மச்சானின் பேச்சைக் கேட்க மறுத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி தூக்கிப் போட்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். "புது டிரைவரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் டிப்போ மேலாளரிடம் போய், தனக்கு நேரக்காப்பாளர் அறையில் ஒரு நாற்காலி போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணாடி போட்ட சின்ன அறை. எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று குறித்துக்கொள்கிற வேலை. இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய மனிதர் அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அவருடைய மனைவி தன் சின்னக் காரில் வேலைக்குப் போவார்; இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார். "கால் மேல நம்பிக்கை போச்சு மாப்ள. அதுக்கு அளவு தெரியல. எத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போனேன் இத்தனை வருஷம், நெனச்சாலே பயமா இருக்கு" என்பார். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் காதுக்காரருக்கு ஒரு சுற்று உடம்பு இளைத்தது. மச்சான் வீட்டில் சாப்பாடு தொண்டைக்குள் இறங்காது. காதுக்காரருக்கு வயிற்றுப் புண் என்று அவர் மனைவி முடிவு கட்டி, தங்கள் வீட்டுச் சமையலில் காரத்தைக் குறைத்துவிட்டார். செய்த குற்றத்துக்குக் கிடைத்த ஒரே தண்டனை அந்த உப்புச் சப்பில்லாத குழம்புதான்.

சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காத நாளில்லை. முதல் வாரம் சொல்லியிருந்தால் தவறு என்று ஆகியிருக்கும். முதல் மாதம் சொல்லியிருந்தால் கோழைத்தனம் என்று ஆகியிருக்கும். ஏழு மாதம் ஆன பிறகு அதற்கு என்ன பெயர் என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவது மாதம் மச்சான் ஃபோன் செய்தார். மகளுக்குப் பதினெட்டு வயசு முடிந்துவிட்டது, கார் ஓட்டிப் பழக வேண்டும் என்கிறாள். "நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்கறதாத்தான் சின்ன வயசுலேர்ந்து பேச்சு. இப்ப அது சரிப்படாது. என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டா உருப்படுமா? நீங்க ரெண்டு நாள் கூட்டிட்டுப் போங்க மாப்ள."

மறுக்க வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் அம்மாவின் சின்னக் காரை ஷெட்டு வாசலுக்கு எடுத்து வரச் செய்து, அம்மாவை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். நல்ல சூட்டிகையான பெண். காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பா மாதிரி அழுத்திடக் கூடாது இல்ல? அதுதானே முதல் பாடம்?"

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். காதுக்காரர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார்.

"இறங்கும்மா. உங்க வீட்டுக்குப் போகலாம். நான் ஓட்டறேன்."

வழியில் அவள் இரண்டு தடவை என்ன ஆச்சு என்று கேட்டாள். இரண்டு தடவையும் அவர் கியரை மாற்றினார்.

மச்சான் பின்கட்டில், துணி காயப்போட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில், மறுநாள் டிப்போவுக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "என்ன அதுக்குள்ள வந்துட்டீங்க? ரொம்ப முரட்டுத்தனமா ஓட்டறாளா?" என்றார்.

காதுக்காரர் நின்றபடியே சொன்னார். இழுப்பறைக்குள் தள்ளிய முள் ரெஞ்ச், தாண்டிப் போன கால் சுற்று, தளர்த்திய நட்டு, இழுத்த கோடு, துடைத்த கோடு, எல்லாவற்றையும் வரிசையாக, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். சட்டையின் காலர் மேல் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. லேசாகக் கருகல் வாசனை வந்தது. ஓர் அறை விழும் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ என் கால்?" என்றார் மச்சான்.

"உங்க கால்ல ஒண்ணும் இல்ல மச்சான்."

"நான் மிதிச்சது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு. நட்டு கழண்டுச்சு. வேற யார் ஓட்டியிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும்."

மச்சான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் வலது காலையே, செருப்பு போட்ட அந்தப் பாதத்தையே, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ யோசித்து நிமிர்ந்தார்.

"பினியன் நகர்ந்தா சத்தம் வருமே மாப்ள. உங்களுக்குக் கேக்கலையா?"

காதுக்காரர் சொல்லாமல் விட்டிருந்த ஒன்று அதுதான்.

"கேட்டுச்சு" என்றார். "ரெண்டாவது ஓட்டத்துல."

கொடியில் தொங்கிய துணிகள் காற்றில் ஆடின. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மச்சான் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உள்ள வாங்க."

கூடத்தில், அப்போதுதான் பஸ் இறங்கி வந்த மனைவியையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சொல்லுங்க" என்றார். காதுக்காரர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒருவரிடம், தனியாக, ஒருமுறை சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர். இப்போது நடுக் கூடத்தில், பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் நிறுத்திய பையன்போல நின்று, சத்தம் கேட்டதையும் கை தூக்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"எத்தனை நாள் தூங்காம உக்காந்திருந்தார்னு தெரியுமா தம்பி உங்களுக்கு?" என்றார் மச்சானின் மனைவி. "நான் வேற என் வாயால சொன்னேனே, இனிமே நீங்க வண்டியைத் தொடாதீங்கன்னு. நானும் சொன்னேனே." காதுக்காரர் "அக்கா" என்று ஆரம்பித்தார். அவர் கை காட்டி நிறுத்தினார். மகள் காதுக்காரரைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் ஃபோனை எடுத்தார். "தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. வீட்டுக்குப் போய் நானே சொல்லிடறேன் மச்சான்."

"இல்ல. இப்பவே. என் முன்னாடி."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். "உன் வீட்டுக்காரர் ஒண்ணு சொல்றாரும்மா, கேளு." காதுக்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். இந்தத் தடவை குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. சொல்லி முடித்த பிறகு மறுமுனையில் மனைவி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இருபது வருஷம் கூட இருந்தவர். அந்த மூச்சிலிருந்தே எல்லாம் அவருக்குப் புரிந்தது. "அண்ணன் சாப்பிட்டாச்சான்னு கேளுங்க" என்றார் மனைவி. வேறொன்றும் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டார்.

மச்சான் மேஜை மேல் கிடந்த சின்னக் காரின் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க மாப்ள."

வாசலில் கார் நின்றது. மச்சான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவியும் மகளும் படியில் வந்து நின்றார்கள். என்ஜின் கிளம்பியது. கியர் விழுந்தது. மச்சானின் வலது கால் ஆக்சிலரேட்டருக்கு மேலே அரை அங்குலத்தில் நின்று, நடுங்கிக்கொண்டிருந்தது. அது கீழே இறங்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"தலைக்குத் தெரிஞ்சு போச்சு மாப்ள" என்றார், காலைப் பார்த்தபடியே. "காலுக்கு இன்னும் தெரியல. ஏழு மாசம் ஆயிடுச்சு இல்ல."

காதுக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் மச்சான்.

"உங்க கால்ல தப்பு இல்ல மச்சான். தப்பு என்னுது."

கால் இறங்கியது. கார் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மகள் படியிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மச்சான் சாவியைத் திருப்பி மறுபடி கிளப்பினார்.

"இன்னொரு தடவை."

"உங்க கால்ல தப்பு இல்ல. தப்பு என்னுது."

கார் நகர்ந்தது. வாசலைத் தாண்டியது, நின்றது, மறுபடி நகர்ந்தது. தெருக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அந்தத் தெரு மொத்தம் நூற்றைம்பது மீட்டர்தான் இருக்கும். முனையை அடைவதற்குள் காதுக்காரர் அதைப் பதினொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.